குழந்தைகளோடு வெளிநாடு: வாசகர் கேள்வி – பதில்

மாங்காய் மண்டிகளில் கூட்டம் சேரும் மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்களின் பொருளும் மாறிவிடுகிறது. கணவர் வேலை பார்க்கும் ஊருக்குப் பிள்ளைகளோடு செல்லும் தாய்மார்கள், மகன் வீட்டுக்குப் பேரக்குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாத்தா பாட்டிகள், முதன்முறையாகச் சுற்றுலா கிளம்பும் குடும்பங்கள் எனப் பலரும் எழுதுகிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் முன்னால் நிற்கும் அச்சம் ஒன்றே: பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அந்த அச்சத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பயணம் செல்லும் குழந்தைகளின் உயிரிழப்புக்கு முதற்காரணம் வாகன விபத்து என்றும் அடுத்த காரணம் நீரில் மூழ்குதல் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பயண மருத்துவக் கையேடு கூறுகிறது. இந்த இரண்டைப் பற்றி எழுதிக் கேட்பவர்கள் குறைவு என்பதால், அத்தகைய கடிதங்களுக்கு இம்முறை கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

காவேரிப்பட்டினம் வாசகி: என் கணவர் துபாயில் பணிபுரிகிறார். ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு நான் தனியாகப் பெங்களூரில் விமானம் ஏறவேண்டும். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. குடும்பப்பெயருக்கான இடம் காலியாக உள்ளது. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவர்களுடைய அப்பாவின் பெயர் இருக்கிறது. அதிகாரிகள் ஏதும் கேட்பார்களா?

கேட்கலாம் அம்மா, கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருந்தால் அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நம் ஊரில் தலைப்பெழுத்து வைக்கும் முறையால் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லாமல் போவது இயல்பு. குடும்பப்பெயர் வழக்கத்தில் உள்ள நாடுகளின் அதிகாரிக்கு அது இயல்பாகத் தெரியாது. ஒரு பெண் வேறு பெயருள்ள இரண்டு குழந்தைகளைத் தனியாக அழைத்து வருகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும். குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்காகவே அவர் கேட்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும்.

நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் உள்ளதோ, உங்கள் பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதைத் திருத்துவதற்கான நேரம் டிக்கெட் எடுப்பதற்கு முன்புதான். பிறப்புச் சான்றிதழ்களின் அசலும் நகலும் கைப்பையில் இருக்கட்டும். மருத்துவமனையில் பதிவு செய்த கையோடு வாங்கிய சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லாமலே இருப்பதுண்டு; அப்படியிருந்தால் பெயரைப் பதிந்து புதிய சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். கணவரிடமிருந்து ஒப்புதல் கடிதம் ஒன்றும் தேவை. குழந்தைகள் தாயுடன் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயணம் செய்யத் தமக்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் எழுதி, தம் பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டு அவர் கையெழுத்திட வேண்டும். அவர் ஊருக்கு வந்திருக்கும்போதே நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றுவிட்டால் அலைச்சல் மிச்சம். எல்லா நாடுகளும் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனாலும் வைத்திருப்பதால் இழப்பு ஏதும் இல்லை.

உங்கள் ஒற்றைப் பெயர் வேறொரு சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் சுற்றுலா அல்லது பார்வையாளர் விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று சில நாட்களிலேயே விளக்கமும் தந்தது. இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து குடும்பப்பெயரைச் சேர்ப்பது நிலையான தீர்வு. பிள்ளைகளோடு அடிக்கடி பயணம் செய்யப்போகிறவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என எதிர்பார்க்கின்றன. உங்கள் மகளுக்கு இரண்டு வயதில் எடுத்த பாஸ்போர்ட் என்றால் அது இப்போது காலாவதியாகும் தறுவாயில்தான் இருக்கும்.

பென்னாகரம் வாசகர்: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு, மகளின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் போகிறோம். ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கல் கூட்டத்திலேயே பேரனை ஒரு முறை தவறவிட்டுத் தேடியவர்கள் நாங்கள். மொழி தெரியாத ஊரில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

ஐயா, ஒரு வகையில் நீங்கள் செல்லும் ஊர் எளிதானது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. ஆயினும் தேடுவதற்கான ஏற்பாட்டைத் தொலைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

உங்கள் பேரனிடம் ‘அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன’ என்று இன்றே கேட்டுப் பாருங்கள். வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்லும் குழந்தைகள் பலர் உண்டு. அதை வைத்துக் காவலரால் யாரையும் தேட முடியாது. முழுப்பெயரைச் சொல்லப் பழக்குங்கள். தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்திருந்தால், வெளிநாட்டில் நம் பத்து இலக்கங்களை மட்டும் அழுத்தினால் இணைப்புக் கிடைக்காது என்பதால், முன்னால் +91 என்ற நாட்டு எண்ணையும் சேர்த்தே பாடமாக்குங்கள். உங்கள் மகனின் சிங்கப்பூர் எண்ணை ஒரு தாளில் எழுதிக் காற்சட்டைப் பையின் உட்புறத்தில் தைத்துவிடலாம். துணியில் துவைத்தாலும் அழியாத பேனாவால் எழுதலாம். குழந்தையின் பெயரை மட்டும் வெளியே தெரியும்படி சட்டையிலோ பையிலோ எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்று எண்ணிக் குழந்தை உடன் சென்றுவிடும்.

காலையில் வெளியே கிளம்பும்போது, அன்றைய உடையிலும் செருப்பிலும் குழந்தைகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதறிய நிலையில் ‘என்ன சட்டை போட்டிருந்தான்’ என்ற கேள்விக்குப் பதில் வராது. வழி தவறினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதையே முதல் விதியாகச் சொல்லிக்கொடுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் தேடி நடந்தால் சந்திப்பது அரிது. உதவி கேட்பதென்றால் சீருடையில் இருப்பவரிடமோ, கடைக் கவுண்டரில் நிற்பவரிடமோ, குழந்தையோடு வந்திருக்கும் ஒரு தாயிடமோ கேட்கலாம். ‘அந்நியரிடம் பேசவே கூடாது’ என்று மட்டும் வளர்த்த பிள்ளை, தொலைந்த நேரத்தில் உதவி செய்ய வருபவரைக் கண்டு ஒளிந்துகொள்ளும்.

எம்.ஆர்.டி. எனப்படும் பெருவிரைவு ரயிலுக்குத் தனி ஒத்திகை வேண்டும். கதவு மூடும் நேரத்தில் குழந்தை உள்ளேயும் நீங்கள் வெளியேயும் மாட்டிக்கொண்டால், குழந்தை அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும். நீங்கள் அடுத்த ரயிலில் அங்கே செல்ல வேண்டும். மாறாக, குழந்தை நடைமேடையில் தங்கிவிட்டால் அது அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். இரண்டு நிலையிலும் குழந்தையின் வேலை நிற்பதுதான். வீட்டிலேயே இரண்டு நாற்காலிகளை ரயிலாக வைத்து இதை விளையாட்டாக ஆடிக் காட்டுங்கள். ஆசிரியரான உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது ஒரு பெரியவர் முன்னும் ஒருவர் பின்னும் இருந்தால் இந்த நிலையே வராது. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995.

இன்னொன்று: பேரப்பிள்ளைகளின் பெற்றோர் உடன் வராததால், முன்னர் சொன்ன ஒப்புதல் கடிதத்தில் உங்கள் மகளும் மருமகனும் இருவருமே கையெழுத்திட வேண்டும். அவசர சிகிச்சைக்குத் தாத்தா பாட்டி சம்மதம் தரலாம் என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் அந்த வரி பயன்படும்.

அரூர் வாசகி: பிள்ளைகளுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மசாலாப் பொடிகளும், வீட்டில் எப்போதும் வைத்திருக்கும் இருமல் மருந்தும் எடுத்துச் செல்லலாமா? துபாய் வழியாகச் செல்கிறோம்.

மசாலாவில் கசகசா இருந்தால் வேண்டாம். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். நமக்குக் குருமாவில் போடும் சரக்கு அங்கே அபினிச் செடியின் விதை. கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள். வீட்டில் அரைத்த பொடியென்றால் என்ன போட்டோம் என்று அரைத்தவரைக் கேளுங்கள். இருமல் மருந்தில் கோடீன் என்ற அபினி வகை மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கோடீன், டிரமடால் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவற்றைக் கொண்டுசெல்ல அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளை அசல் உறையோடும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். டப்பாவில் பிரித்துப் போட்ட மாத்திரைகளை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். யாரோ ஒருவர் ‘எங்கள் வீட்டில் கொடுத்துவிடுங்கள்’ என்று தரும் பொட்டலத்தை, அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பிள்ளைகளோடு செல்லும்போது வாங்காமலே இருப்பது இன்னும் நல்லது.

ஓசூர் வாசகர்: அலுவலக வேலையாக மூன்று மாதம் ஜெர்மனியில் தங்கப்போகிறேன். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வருகிறார்கள். டாக்சியில்கூடக் குழந்தைக்குத் தனி இருக்கை கேட்பார்கள் என்கிறார்கள். மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது, மடியில் வைப்பதுதான் ஆபத்து. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், மடியிலிருக்கும் குழந்தையை எவ்வளவு வலுவான கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை முன்னால் எறியப்படும்; சீட் பெல்ட் போடாமல் வைத்திருக்கும் தாயின் உடலும் அதன்மேல் மோதும். ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட, 150 செ.மீ. உயரத்தை எட்டாத குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட இருக்கை கட்டாயம். டாக்சிக்கும் இது பொருந்தும். அமீரகத்தில் நான்கு வயது வரை குழந்தை இருக்கை வேண்டும். பத்து வயது நிறையாத, அல்லது 145 செ.மீ. உயரமில்லாத பிள்ளை முன்னிருக்கையில் அமரக்கூடாது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு இருக்கை கட்டாயம் என்றாலும் டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. விலக்கு சட்டத்துக்குத்தான், மோதலின் விசைக்கு இல்லை என்பதால், டாக்சி கிடைக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

மூன்று மாதம் என்பதால் அங்கேயே ஓர் இருக்கையை வாங்கிக்கொள்வதோ வாடகைக்கு எடுப்பதோ நல்லது. குறுகிய சுற்றுலா செல்பவர்கள், கார் பதிவு செய்யும்போதே குழந்தையின் உயரத்தையும் எடையையும் சொல்லி இருக்கை கேட்கலாம். கிடைக்காத நகரங்களில் பேருந்தும் ரயிலும் கைக்குழந்தையோடு செல்ல ஏற்றவை. நம் ஊரில் பெட்ரோல் டேங்கின்மேல் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழகிய நமக்கு இது மிகையாகத் தோன்றலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வெளியிட்டது. அதை ஓசூரிலேயே கடைப்பிடிக்கத் தொடங்கினால், பட்டையைக் கட்டியதும் அழும் பிள்ளையை விமானம் ஏறிய பிறகு பழக்க வேண்டியிருக்காது.

சாலையைக் கடப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது இதைவிட முக்கியம். இந்தியாவில் வாகனங்கள் இடப்புறம் செல்கின்றன. அதனால் சாலை ஓரத்தில் நிற்கும் நமக்கு முதலில் வலப்புறத்திலிருந்து வண்டி வரும். ஜெர்மனியிலும் அமீரகத்திலும் அமெரிக்காவிலும் வண்டிகள் வலப்புறம் செல்வதால் முதல் ஆபத்து இடப்புறத்திலிருந்து வரும். பல ஆண்டுகள் பழகிய கழுத்து தானாகவே வலப்பக்கம்தான் திரும்பும்; பெரியவர்களுக்கே இப்படி என்றால் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? முதல் வாரம் முழுவதும், ஆளில்லாத சாலையாக இருந்தாலும், ‘இடது, வலது, மீண்டும் இடது’ என்று வாய்விட்டுச் சொல்லியே கடந்து செல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே இடப்புறம்தான். ஜெர்மனியில் நடைபாதையை ஒட்டியே சைக்கிள் பாதையும் உண்டு. பேருந்திலிருந்து இறங்கியதும் குழந்தையின் கையை விட்டுவிட்டால் அது நேராக சைக்கிளின் முன்னால்தான் போய் நிற்கும்.

ஊத்தங்கரை வாசகர்: தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் செல்கிறோம். என் இரண்டு பையன்களும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நன்றாக நீந்துவார்கள். கடலில் விடலாமா?

கிணற்று நீச்சல் உண்மையான திறமைதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்ற பிள்ளைகள் பதறாமல் மிதப்பார்கள். ஆனால் கிணற்றில் தண்ணீர் யாரையும் எங்கும் இழுத்துச் செல்வதில்லை. கடலில் கரைக்கு வந்த அலைநீர் திரும்பிச் செல்லும் வழியில் குறுகிய, வேகமான ஓட்டம் ஒன்று உருவாகும். அலை உடையாமல், அமைதியாக, கொஞ்சம் நிறம் மாறித் தெரியும் அந்த இடம் குளிப்பதற்கு ஏற்றது போலவே தோன்றும்; உண்மையில் அதுதான் ஆளை உள்ளே இழுக்கும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பையன்களுக்குப் படம் வரைந்து காட்டுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை புக்கெட் இருக்கும் அந்தமான் கடற்பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அம்மாதங்களில் கடற்கரையில் சிவப்புக் கொடிகளைப் பல நாட்கள் பார்ப்பீர்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் இறங்கியிருக்கிறார் என்பது அனுமதி ஆகாது. ஒகேனக்கல்லில் உயிர்காப்பு உடை இல்லாமல் பரிசலில் ஏறக்கூடாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். வெளிநாட்டுப் படகில் அதே உடை பெரியவர் அளவில் மட்டுமே இருந்தால், ‘பரவாயில்லை’ என்று குழந்தைக்கு மாட்டிவிடுகிறோம். அளவில்லாத உடை தண்ணீருக்குள் விழுந்தவுடன் தலைவழியாகக் கழன்றுவிடும். குழந்தை அளவு இல்லையென்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

விடுதியின் நீச்சல் குளம் கடலைவிட ஏமாற்றக்கூடியது. நீரில் மூழ்கும் சிறு குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையைத் தட்டுவதில்லை. சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து பெரியவர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் ஐவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இந்த அரைமணி நேரம் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது. அறைக்குள் நுழைந்தவுடன் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளையும், அதன் கம்பியருகே ஏறுவதற்கு வாகாக நாற்காலி கிடக்கிறதா என்பதையும், குளியலறைக் குழாயில் வெந்நீர் எவ்வளவு சூட்டில் வருகிறது என்பதையும் பாருங்கள். பெட்டியைப் பிரிப்பது பிறகு இருக்கட்டும்.

பாலக்கோடு வாசகி: என் மகனுக்கு ஐந்து வயது, அவ்வப்போது இளைப்பு வரும். மலேசியாவுக்குப் பத்து நாள் அழைத்துச் செல்லலாமா? காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன மருந்து கொடுப்பது?

உங்கள் குழந்தை மருத்துவர் சம்மதித்தால் அழைத்துச் செல்லலாம். இன்ஹேலரையும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழலையும் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையிலேயே வைத்திருங்கள். பெட்டி வந்து சேராத நாள் உண்டு. பயணக் காப்பீடு எடுக்கும்போது இளைப்பு இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அந்தக் காரணத்துக்காகவே செலவுத்தொகையை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். முன்பே உள்ள நோய்க்கும் காப்பீடு பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாகலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத நாடுகளிலும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பாராசிட்டமால் குழந்தையின் எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். தவறு நிகழ்வது அளவில்தான். நம் கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. அமெரிக்காவில் அது 160, பெயரும் அசிட்டமினோஃபென். ‘ஒரு மூடி கொடுப்பேன்’ என்ற பழக்கம் வெளியூர்ப் புட்டியில் ஆபத்தாகிவிடும். அவனுடைய எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைக்கக்கூடாது. பழச்சாறு போல அட்டைப்பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்றல்ல. சிறுநீர் வெகுநேரம் வராமலிருந்தால், குழந்தை சோர்ந்து துவண்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் கைமருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால், கீறினால்கூட, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது. விமானம் இறங்கும்போது காதுவலியில் அழும் பிள்ளைக்கு ஒரு மிட்டாயைச் சப்பக் கொடுங்கள். கைக்குழந்தை என்றால் பால் புகட்டலாம்.

மத்தூர் வாசகர்: ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்காக உகாண்டாவில் இருக்கிறேன். மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் இப்போது அழைத்துக்கொள்ளலாமா?

சில மாதங்கள் பொறுங்கள். அந்நாட்டுக்குச் செல்வோருக்குத் தேவையான மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடுவார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர்களை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தும் விதி உள்ளது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம். மலேரியாத் தடுப்பு மருந்தின் அளவு குழந்தையின் எடைக்கேற்ப மாறும் என்பதால் அதையும் மருத்துவரிடமே கேளுங்கள், கொசுவலை கட்டாயம்.

கிருஷ்ணகிரி வாசகர்: இரவில் குழந்தைகள் தூங்கிய பிறகு, அறையைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் கீழே உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வருவதில் தவறுண்டா?

உண்டு. தீ எச்சரிக்கை மணி அடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும் பல நாடுகளில் இது குழந்தையைக் கவனிக்கத் தவறிய குற்றமாகும். காரில் விட்டுவிட்டு ‘இரண்டு நிமிடம்’ என்று கடைக்குள் செல்வதும் அப்படியே. அமீரகத்தில் 2016ஆம் ஆண்டின் வதீமா குழந்தை உரிமைச் சட்டத்தின் கீழ் அதற்குத் தண்டனை உண்டு. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய கார் சில நிமிடங்களிலேயே தாங்க முடியாத சூடாகிவிடும். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பொது இடத்தில் அடிப்பதையும் இங்கேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளை அடிப்பதை சுவீடன் 1979லேயே சட்டப்படி தடை செய்தது, ஜெர்மனி 2000இல். அடுத்தவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவதும், கேட்காமல் படம் எடுப்பதும் நம் அன்பின் வழக்கம். அங்கே அதைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

பர்கூர் வாசகி: பிள்ளையின் பாஸ்போர்ட் மட்டும் தொலைந்துவிட்டால் ஊர் திரும்ப முடியாதா?

முடியும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை அவர்கள் தருவார்கள். குழந்தைக்கென்றால் பெற்றோரின் கையெழுத்தும் பிறப்புச் சான்றும் கேட்பார்கள். அதன் பிறகு அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிடம் வெளியேறும் அனுமதியும் பெற வேண்டியிருக்கும் என்பதால், விமானத்துக்கு முதல் நாள் தெரிந்தால் விமானத்தை விட்டுவிட நேரும். எல்லாருடைய பாஸ்போர்ட், விசாப் பக்கங்களையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். குழந்தையின் இரண்டு புகைப்படங்களும் கையில் இருக்கட்டும். தூதரகத்தில் பதில் தாமதமானால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் முறையிடலாம்.

தருமபுரி வாசகர்: எங்கள் விமானம் நள்ளிரவு ஒரு மணிக்குப் பெங்களூரில் இறங்குகிறது. விடிவதற்குள் வீடு வந்து சேரலாம் என்று வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

உங்கள் பயணம் முழுவதிலும் எனக்குக் கவலை தருவது இந்த மூன்று மணி நேரம்தான். பெட்டி வந்து நீங்கள் வெளியே வர இரண்டரை மணி ஆகிவிடும். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரைக் கடந்து, அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 44இல், உறக்கம் அழுத்தும் மூன்று, நான்கு மணிக்கு, ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரிகளுக்கு இடையே வருவீர்கள். வெளிநாட்டில் இருந்த நாளெல்லாம் பட்டை கட்டி உட்கார்ந்த குழந்தை, ‘நம்ம ஊருக்கு வந்தாச்சு’ என்ற நிம்மதியில் முன்னிருக்கையில் உங்கள் மடிக்கு வந்துவிடும். முடிந்தால் விமான நிலையத்தின் அருகில் ஓர் அறை எடுத்து, காலை ஆறு மணிக்கு மேல் கிளம்புங்கள். அதற்கு வசதியில்லையெனில், பகலெல்லாம் ஓட்டிவிட்டு வரும் ஓட்டுநரை அனுப்பாமல் அன்று பகலில் தூங்கியவரை அனுப்பும்படி கார் உரிமையாளரிடம் கண்டித்துச் சொல்லுங்கள். பின்னிருக்கைப் பட்டைகள் வேலை செய்கின்றனவா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள். இருக்கை உறைக்கு அடியில் அவை புதைந்து கிடப்பதுண்டு, எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெட்டிகளைக் குழந்தைகளுக்குப் பின்னால் தலை உயரத்துக்கு அடுக்காமல் கூரைமேல் கட்டச் சொல்லலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் விழித்திருக்கக்கூடிய பெரியவர் ஒருவர் அமரட்டும். அவருக்கும் தூக்கம் வந்தால் ஓசூரில் நிறுத்தித் தேநீர் குடித்து, ஓட்டுநரை அரைமணி நேரம் உறங்கவிட்டுக் கிளம்புங்கள்.